உயரம் கண்ட சாராபாய்

சேலம் நகருக்கு வடபால் சேர்வராயன் மலைத்தொடர் ஓங்கி நிற்கிறது. அதன்மேல் வளைந்து செல்லும் பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால், காப்பித் தோட்டங்களும் ஆரஞ்சு மரங்களும் சூழ்ந்த ஏற்காட்டை அடையலாம். ஏற்காடு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேர்வராயன் கோயில் அமைந்துள்ள உச்சியோ 1,600 மீட்டரையும் கடந்தது. அவ்வுச்சியில் நிற்கும் சிறுவன் ஒருவன் தன் கையிலுள்ள ஆரஞ்சுப் பழத்தை நேர் மேலே எறிகிறான் என்று கொள்வோம். விரைந்து எழுந்த பழம் வரவர வேகம் குறைந்து, ஓரிடத்தில் ஒரு கணம் நின்று, பின்னர் அவன் கைக்கே திரும்பி வருகிறது. அப்பழம் எட்டிய பெரும உயரம் எவ்வளவு? அங்கே ஏறிச் சென்று அளப்பார் எவரும் இலர். ஆயினும் அவ்வுயரத்தைத் தரையில் நின்றபடியே கணக்கிட்டுவிடலாம்.

மேலே செல்லும் பொருளைப் புவியின் ஈர்ப்பு ஓயாது கீழ்நோக்கி இழுக்கிறது. அதனால் அப்பொருள் ஒவ்வொரு வினாடியும், வினாடிக்கு 9.8 மீட்டர் அளவு வேகத்தை இழக்கிறது. கணக்கின் எளிமைக்காக இதனை 10 என்றே கொள்வோம். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்த பழம் இரண்டு வினாடிகளில் தன் வேகம் முழுவதையும் இழந்துவிடும். தொடக்க வேகம் 20. இறுதி வேகம் சுழி. ஆகவே சராசரி வேகம் 10. இரண்டு வினாடிகளில் அது ஏறிய உயரம் 20 மீட்டர். சுருங்கக் கூறின், எறிந்த வேகத்தை அதனாலேயே பெருக்கி, ஈர்ப்பின் அளவைப் போல் இரு மடங்கால் வகுத்தால் பெரும உயரம் கிடைக்கும். காற்றின் தடை இல்லையெனில், பொருள் கனமானதா இலேசானதா என்பது இக்கணக்கில் இடம் பெறுவதே இல்லை. விழும் பொருள்களின் விதியை ஆராய்ந்து, இதற்கு அடிப்படை அமைத்தவர் இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ. அவர் தம் முடிவுகளை 1638-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

இவ்விதியில் ஒரு நுட்பம் உண்டு. வேகம் இரு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகும். வேகம் பத்து மடங்கானால் உயரம் நூறு மடங்காகும். சேலத்துச் சமவெளியில் எறிந்த ஒரு பொருள் சேர்வராயன் கோயில் உள்ள உச்சியளவு எழ வேண்டுமானால், அதனை வினாடிக்கு ஏறத்தாழ 165 மீட்டர் வேகத்தில் எறிதல் வேண்டும். மனிதக் கைக்கு அவ்வலிமை இல்லை. வினாடிக்கு 2,000 மீட்டர் வேகத்தில் எறிய வல்ல கை ஒன்று இருப்பின், அப்பொருள் 200 கிலோமீட்டர் உயரம் செல்லும். அத்தகைய கை ஒன்றை நம் நாட்டிற்குத் தேடித் தந்தவர் ஒருவர் உண்டு. அவரே விக்கிரம் சாராபாய்.

சாராபாய் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய் நெசவாலைகளுக்கு உரிமையாளர், பெருஞ்செல்வர். தாயார் சரளா தேவி கல்வியில் புதுமை காண விழைந்தவர். அவ்வம்மையார் தம் மக்கள் எண்மருக்கும் இல்லத்திலேயே ஒரு பள்ளியை அமைத்தார். காந்தியடிகளும் கவிஞர் தாகூரும் அவ்வில்லத்திற்கு வந்து சென்ற பெருமக்கள் ஆவர். செல்வமும் செல்வாக்கும் சூழ வளர்ந்த பிள்ளை தொழிலையே பெருக்கிக்கொண்டு இன்பமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் இளைஞர் விக்கிரமின் உள்ளம் இயற்கையின் விதிகளை நாடியது.

அவர் அகமதாபாத்தில் கல்லூரிக் கல்வி பயின்றபின் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1940-ஆம் ஆண்டில் இயற்கை அறிவியலில் தேர்ச்சி பெற்றார். அப்போது இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. ஆகவே தாயகம் திரும்பி, பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமன் மேற்பார்வையில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் அண்டக் கதிர்கள் என்பது. விண்வெளியின் தொலைவான பகுதிகளிலிருந்து மிகு விரைவுடன் வந்து, இடையறாது புவியைத் தாக்கும் நுண்துகள்களே அண்டக் கதிர்கள் எனப்படுவன. இக்கதிர்களின் வலிமை காலத்திற்குக் காலம் மாறுவதேன்? அம்மாற்றத்திற்கும் கதிரவனுக்கும் தொடர்பு யாது? இவ்வினாக்கள் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

அண்டக் கதிர்களை ஆராய்வார்க்கு இயற்கையாகவே ஓர் இடையூறு உண்டு. நம் தலைக்கு மேலே பரந்துள்ள காற்று மண்டலம் அக்கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. கதிர்களும் மிகுதியாகக் கிடைக்கின்றன. ஆகவே இத்துறை ஆராய்ச்சியாளர்கள் மலையேறுவோராகவும் இருத்தல் வேண்டும். சாராபாய் 1943-ஆம் ஆண்டில் தம் கருவிகளுடன் காஷ்மீர மலைகளின்மேல் ஏறினார். உயரம் என்பது அழகிய காட்சியைக் காண்பதற்கு மட்டும் உரியதன்று, அறிவைப் பெறுவதற்கும் உரியது என்னும் உண்மையை அவர் நேரிற் கண்டது இக்காலத்தில்தான்.

இதற்கிடையே 1942-ஆம் ஆண்டில் நாட்டியக் கலையில் வல்லவரான மிருணாளினி அம்மையாரை அவர் மணந்தார். மிருணாளினி, சென்னையில் வாழ்ந்த சுவாமிநாதன் குடும்பத்தைச் சேர்ந்தவர். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்ற சாராபாய், வெப்ப மண்டலப் பகுதிகளில் அண்டக் கதிர்கள் பற்றித் தாம் செய்த ஆராய்ச்சிக்காக 1947-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

நாடு விடுதலை பெற்ற அவ்வாண்டே, நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள், அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை அவர் நிறுவினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டே. வானிலைத் துறையில் நீண்ட காலம் பணியாற்றிய பேராசிரியர் கே. ஆர். இராமநாதன் அதன் முதல் இயக்குநராக அமர்ந்தார். காலப்போக்கில் காஷ்மீரத்துக் குல்மார்க், தமிழகத்துக் கோடைக்கானல், கடற்கரையை அடுத்த திருவனந்தபுரம் ஆகிய இடங்களிலும் அண்டக் கதிர்களை அளக்கும் நிலையங்கள் அமைந்தன. ஒன்று பனிமலை, ஒன்று பசுமலை, ஒன்று கடலோரம். வெவ்வேறு உயரங்களிலிருந்து ஒரே வானத்தை நோக்கும் கண்களாக அவை விளங்கின.

ஆயினும் மலைகளுக்கு ஓர் எல்லை உண்டு. உலகிலேயே உயர்ந்த எவரெஸ்டு கொடுமுடியும் 9 கிலோமீட்டரை எட்டவில்லை. பலூன்களோ 30 அல்லது 40 கிலோமீட்டர் உயரம் சென்றதும், அதற்குமேல் தம்மைத் தாங்கும் காற்றின்றி நின்றுவிடும். 1957-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள் சோவியத்து நாடு முதற் செயற்கைக் கோளை விண்ணில் செலுத்தியது. ஆனால் செயற்கைக் கோளும் 200 கிலோமீட்டருக்கு மிகக் கீழே நெடுநாள் சுற்ற இயலாது. அங்குள்ள மெல்லிய காற்றே அதனைத் தடுத்து வீழ்த்திவிடும். எனவே பலூனுக்கு எட்டாததும் செயற்கைக் கோளுக்கு இறங்க இயலாததுமான ஓர் இடைவெளி வானில் இருந்தது. அவ்விடைவெளிக்குச் சென்று அறிந்துவர ஒரே வழிதான் உண்டு. கருவிகளை அங்கே நேராக எறிதல் வேண்டும். சிறுவன் பழத்தை எறிவது போன்ற செயலே அது. எறியும் கைதான் வேறு.

அந்தக் கையே ஆய்வு இராக்கெட்டு எனப்படுவது. அதன் எரிபொருள் சில வினாடிகளே எரியும். எரிந்து முடிந்தபின் அதனை உந்துவார் எவரும் இலர். அதுமுதல் அஃது எறியப்பட்ட கல்லைப் போன்றதே. பெற்ற வேகத்தைச் சிறிது சிறிதாக இழந்து, உச்சியை எட்டி, மீண்டும் கீழ்நோக்கி விழும். வினாடிக்கு 2,000 மீட்டர் வேகம் பெற்ற பொருள், நாம் முன்பு கண்ட கணக்கின்படி, 200 வினாடிகள் ஏறிக்கொண்டே செல்லும். அஃதாவது மூன்று நிமிடங்களுக்குச் சற்று மிகுதியான காலம். ஏறும்போதும் இறங்கும்போதும் கருவிகள் தாம் கண்டவற்றை வானொலி அலைகள் வாயிலாகத் தரைக்கு உணர்த்திக்கொண்டிருக்கும். பொருள் விழுந்துவிடும், அஃது அனுப்பிய செய்தி நம்மிடம் தங்கிவிடும்.

விண்வெளி ஆராய்ச்சிக்கென 1962-ஆம் ஆண்டில் அரசு ஒரு குழுவை அமைத்தபோது, அதன் தலைவராகச் சாராபாய் பொறுப்பேற்றார். அணுவாற்றல் துறையை வளர்த்த ஹோமி பாபா அவருக்குத் துணை நின்றார். இராக்கெட்டு ஏவுதற்கு ஏற்ற இடம் எது என்னும் வினா எழுந்தது. நம் புவி ஒரு பெரிய காந்தம் போன்றது. அதன் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியைக் கடந்து செல்கிறது. அக்கோட்டின்மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகற்பொழுதில் வலிய மின்னோட்டம் ஒன்று வானில் பாய்கிறது. அதனை அருகிருந்து ஆராய்வதற்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரே மிகப் பொருத்தமாக அமைந்தது.

ஆனால் அங்கே மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் வழிபடும் புனித மரிய மகதலேனாள் ஆலயமும் இருந்தது. ஒரு மக்கட் கூட்டத்தைத் தம் இல்லங்களையும் இறைவன் திருக்கோயிலையும் விட்டு அகலுமாறு வேண்டுவது எளிய செயலா? அதிகாரத்தைக் காட்டி அவ்விடத்தைப் பெறுவதைச் சாராபாய் விரும்பவில்லை. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவை அணுகித் தம் கருத்தை விளக்கினார். ஆயர் அதனை ஆலயத்தில் கூடிய மக்கள்முன் எடுத்துரைத்தார், மக்களும் இசைந்தனர். வலை வீசி வாழும் அவ்வெளியோர் தந்த கொடையின் மீதே இந்திய விண்வெளி ஆராய்ச்சி எழுந்தது. இதனை நாம் மறத்தல் ஆகாது. ஆலயம் அலுவலகம் ஆயிற்று. இராக்கெட்டின் பகுதிகளை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் சென்ற காலம் அது. அவ்வாலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

1963-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள். இராக்கெட்டு அமெரிக்க நாட்டினது. அதனுள் வைத்த சோடிய ஆவிக் கருவி பிரெஞ்சு நாட்டினது. அவற்றை ஏவும் பணியில் இந்திய இளைஞர் ஈடுபட்டிருந்தனர். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், சென்னையில் பொறியியல் பயின்ற ஆராவமுதன் ஆகியோர் அவ்விளைஞருள் இருவர். இராக்கெட்டைத் தூக்கி ஏவுமேடையில் ஏற்றும் வேளையில் பாரந்தூக்கியில் கசிவு உண்டாயிற்று. குறித்த நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. இளைஞர்கள் மனந்தளராது, பலர் தோள்கொடுத்து இராக்கெட்டை நிலையில் பொருத்தினர். மாலைக் கதிரவன் மறைந்தபின் அது முழங்கி எழுந்து, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது.

அந்திப் பொழுதைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஏற்காட்டு மலை விளிம்பில் மாலையில் நின்று பார்த்தோர் இதனை எளிதில் உணர்வர். கீழே சேலம் நகரில் இருள் படர்ந்து விளக்குகள் மின்னத் தொடங்கும் வேளையிலும், மலை முகட்டில் ஞாயிற்றின் ஒளி சிறிது தங்கியிருக்கும். உயரம் மிகுந்தோறும் பகல் நீளுகிறது. 200 கிலோமீட்டர் உயரத்திலோ, தரையில் இருட்டி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரையிலும் கதிரொளி படும். அங்கே வெளிவிடப்பட்ட சோடிய ஆவி அவ்வொளியில் செம்மஞ்சள் நிற முகிலாகச் சுடர்ந்தது. அது நகர்ந்த திசையையும் விரைவையும் கொண்டு, எவரும் சென்றறியாத உயரத்துக் காற்றின் போக்கை அறிஞர்கள் கணக்கிட்டனர்.

வறுமையும் கல்லாமையும் நீங்காத நாட்டிற்கு இராக்கெட்டு எதற்கு என்று வினவியோர் அன்று பலர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. சாராபாயும் அதனைப் புறக்கணிக்கவில்லை. நிலவுக்கு மனிதரை அனுப்பும் போட்டியில் வல்லரசுகளோடு நாம் இறங்க வேண்டுவதில்லை என்றும், மனிதரின் உண்மையான இடர்களைத் தீர்ப்பதற்கு உயர்ந்த அறிவியற் கருவிகளைப் பயன்படுத்துவதில் நாம் எவர்க்கும் பின்தங்கலாகாது என்றும் அவர் கருதினார். புயலை முன்னறிதல், தொலைவிலுள்ள சிற்றூருக்குக் கல்வியைக் கொண்டு செல்லுதல், நாட்டின் வளங்களை அளந்தறிதல் ஆகியன அவர் கண்ட பயன்கள். அமெரிக்கச் செயற்கைக் கோள் ஒன்றன் வழியே இந்தியச் சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி அளிக்க, 1969-ஆம் ஆண்டில் உடன்படிக்கை ஏற்பட அவர் வழி செய்தார். அத்திட்டம் 1975-ஆம் ஆண்டு தொடங்கி ஓராண்டுக் காலம் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் நடைபெற்றது.

பிறர் தந்த இராக்கெட்டோடு அவர் மனம் நிறைவடையவில்லை. 1967-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20-ஆம் நாள், தும்பாவிலேயே உருவான ரோகிணி என்னும் சிறிய இராக்கெட்டு விண்ணில் எழுந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர். எடை 7 கிலோகிராம். அது சில கிலோமீட்டர் உயரமே சென்றது. அயல்நாட்டு இராக்கெட்டு 200 கிலோமீட்டர் சென்ற களத்தில் இஃது ஒரு குழந்தையின் எறி போன்றதே. ஆயினும் எறிந்த கை நம்முடையது. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2-ஆம் நாள் தும்பா நிலையத்தை உலக நாடுகளின் பயனுக்கெனப் பிரதமர் இந்திரா காந்தி ஐக்கிய நாடுகள் அவைக்கு உரிமையாக்கினார். 1969-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது.

சாராபாயின் பணி விண்வெளியோடு நின்றுவிடவில்லை. நெசவுத் தொழில் ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனமும், மேலாண்மைக் கல்விக்கு ஒரு நிறுவனமும் அகமதாபாத்தில் தோன்றுதற்கு அவர் காரணராயினார். பாபா 1966-ஆம் ஆண்டில் வான்ஊர்தி விபத்தில் மறைந்தபின் அணுவாற்றல் ஆணையத்தின் தலைமையும் அவர் தோளில் ஏறியது. ஓயாத பயணமும் குறைந்த உறக்கமும் அவர் வாழ்க்கை ஆயின. 1971-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், பணியின் பொருட்டுத் திருவனந்தபுரம் வந்திருந்தபோது, கோவளத்தில் உறக்கத்திலேயே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

எறிந்த பொருள் உச்சியை எட்டும்போது அதன் வேகம் சுழியாகிறது. சாராபாயின் வாழ்வோ வேகம் தளராத நிலையிலேயே முடிந்தது. எனினும் அவர் தந்த உந்துதல் பிறரிடம் தொடர்ந்தது. நேர் மேலே எறிந்த பொருள் திரும்பி விழும். ஆனால் உயரத்தில் கிடைமட்டமாக, வினாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தப்பட்ட பொருள் விழுந்துகொண்டே புவியைச் சுற்றிவரும். அதுவே செயற்கைக் கோள். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குள், 1980-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள், கலாம் தலைமையில் உருவான இந்திய இராக்கெட்டு இந்தியச் செயற்கைக் கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. முந்திய ஆண்டில் அம்முயற்சி தோல்வியுற்றிருந்தது. அத்தோல்வியைப் படியாகக் கொண்டே வெற்றி வந்தது.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் நிலவின் தென்முனைப் பகுதியில் இந்தியக் கலம் ஒன்று இறங்கியது. அதற்குச் சாராபாயின் நினைவாக விக்கிரம் என்று பெயரிட்டிருந்தனர். சில நாள் கழித்து, அறிஞர்களின் ஆணைப்படி அக்கலம் தன் பொறிகளை இயக்கி, நிலவின் தரையிலிருந்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் மேலெழுந்து மீண்டும் இனிதே அமர்ந்தது. ஒரு முழம்கூட இல்லாத அவ்வுயரத்தை நாடே வியந்து போற்றியது. எறிந்த உயரம் சிறிதாயினும், எறிந்த இடம் பெரிதன்றோ!

நிலவின் ஈர்ப்பு புவியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கே. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஏற்காட்டில் 5 மீட்டர் எழும் ஆரஞ்சுப் பழம், நிலவில் 30 மீட்டர் எழும். இடம் மாறினும் விதி மாறுவதில்லை. சேர்வராயன் உச்சியில் நிற்கும் சிறுவனுக்கும் தும்பாவில் நின்ற அறிஞருக்கும் அவ்விதி ஒன்றே. அவர்களிடையே உள்ள வேறுபாடு கையின் வலிமை மட்டுமன்று. இன்னும் எவ்வளவு உயரம், அதனால் எவர்க்கு என்ன பயன் என்று இடைவிடாது வினவிய உள்ளத்தின் வலிமையே அது. அவ்வுள்ளம் வாய்க்கப் பெற்றால், நம் மாணவர் எறியும் கல்லும் ஒருநாள் விண்ணளவு எழும்.